சிறிய சிமிழுக்குப் பெரிய விலக்கு

வீட்டில் தயாரான ஒப்பனைப் பொருள்களுக்கு இன்று நல்ல வரவேற்பு இருக்கிறது. குளியல் பொடி, மூலிகைச் சோப்பு, கற்றாழைக் களிம்பு, பீட்ரூட் சாயமிட்ட உதட்டுக் களிம்பு, விளக்கெண்ணெய்ப் புகையில் எடுத்த கண்மை என்று மகளிர் சுய உதவிக் குழுக்களும் தனிக் குடும்பங்களும் பலவற்றைச் செய்து விற்கின்றன. சிறு முதலில் பிழைப்புக்கு ஒரு வழி கிடைக்கிறது. வாங்குபவருக்கும் தெரிந்தவர் கையால் செய்தது என்ற நிறைவு. இவற்றை எதிர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்தப் பொருள்களுக்கு நம் நாட்டில் உள்ள பாதுகாப்பு விதிகள், குறிப்பாக லேபிள் விதிகள், அறிவியலுக்குப் பொருந்துகின்றனவா என்பதே நாம் இங்கு ஆராய வேண்டியது.

முடிவை முதலிலேயே கூறிவிடலாம். நம் விதிகள் பொருளின் எடையைப் பார்த்து விலக்குத் தருகின்றன. அது உடலில் எந்த இடத்தில் படுகிறது என்று பார்ப்பதில்லை. இதனால், மிகுந்த கவனம் தேவைப்படும் பொருள்களே மிகக் குறைந்த விவரத்துடன் விற்பனைக்கு வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பனைப் பொருள்களுக்கு அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டம். அதன்கீழ் 2020 டிசம்பரில் ஒப்பனைப் பொருள்களுக்கென்றே தனி விதித்தொகுப்பு வெளியாயிற்று. இதன்படி விற்பனைக்காக ஒப்பனைப் பொருள் செய்யும் எவரும் மாநில அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். சமையலறையில் மாதம் நூறு சிமிழ் செய்பவருக்கும் இது பொருந்தும். சிறு உற்பத்தியாளர் என்பதற்காக உரிமத்திலிருந்து விடுதலை இல்லை.

பொருளில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்பதற்கும் வரம்புகள் உண்டு. சாயப் பொருள்களில் காரீயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேலும், ஆர்சனிக் 2 பங்குக்கு மேலும் இருக்கக்கூடாது. தவிர்க்க முடியாமல் கலந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக்கூடாது. எந்தச் சாயங்களைச் சேர்க்கலாம், எந்த மூலப்பொருள்கள் பாதுகாப்பானவையாகக் கருதப்படவில்லை என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4707 என்ற தரநூலின் பகுதிகள் பட்டியலிடுகின்றன. இவையெல்லாம் நல்ல விதிகளே.

இனி லேபிளைப் பார்ப்போம். பொருளின் பெயர், செய்தவர் பெயரும் முகவரியும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், உரிம எண், தொகுதி எண், சேர்மானங்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ள சேர்மானங்களை அளவின் இறங்கு வரிசையிலும், அதற்குக் குறைந்தவற்றை அடுத்து எந்த வரிசையிலும் எழுத வேண்டும். இந்தப் பட்டியல்தான் வாங்குபவரின் கையில் உள்ள ஒரே கருவி. ஒரு பொருள் தமக்கு ஒவ்வாது என்று அறிந்தவர் அதைத் தவிர்க்க வேறு வழி இல்லை.

ஆனால் இங்கே ஒரு விலக்கு புகுந்துவிடுகிறது. திண்மமாகவோ களிம்பாகவோ உள்ள பொருள் 30 கிராமுக்குக் குறைவாகவும், திரவம் 60 மில்லிலிட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் சேர்மானப் பட்டியல் வேண்டியதில்லை. களிம்பு 10 கிராமுக்கு உட்பட்டும் திரவம் 25 மில்லிலிட்டருக்கு உட்பட்டும் இருந்தால் தொகுதி எண்ணும் வேண்டியதில்லை. பழைய விதிகளில் இருந்த இந்த வாசகங்கள் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அப்படியே இடம் பெற்றன.

இப்போது ஒரு தராசை மனத்தில் கொள்ளுங்கள். கண்மைச் சிமிழ் சில கிராம். கண்மைப் பென்சில் ஒரு கிராமுக்கும் குறைவு. உதட்டுக் களிம்பு ஐந்து அல்லது பத்துக் கிராம். உதட்டுச் சாயம் நான்கு கிராம் அளவு. அனைத்தும் விலக்குக்குள் அடங்கிவிடுகின்றன. கை கழுவும் சோப்புக்குப் பட்டியல் உண்டு. கழுவினால் அது போய்விடும். கண்ணுக்குள் தீட்டும் மைக்குப் பட்டியல் இல்லை. அது நாள் முழுவதும் அங்கேயே இருக்கும்.

எடையா, இடமா?

தோலின் மேல்படலமான கொம்புப் படலம் உயிரற்ற செல்களாலும் கொழுப்பாலும் ஆன ஒரு சுவர். நீரையும் பல வேதிப் பொருள்களையும் அது எளிதில் உள்ளே விடுவதில்லை. கண்ணின் வெண்படலத்திலும் இமையின் உட்புறத்திலும் இந்தச் சுவர் கிடையாது. உதட்டில் அது மிக மெல்லியது. தவிர, உதட்டில் பூசியதில் ஒரு பங்கு வயிற்றுக்குப் போகிறது. குழந்தையின் கண்ணில் தீட்டிய மையோ கண்ணீருடன் மூக்கின் வழியே இறங்குகிறது. விரலால் கண்ணைக் கசக்கி, அந்த விரலையே குழந்தை வாயில் வைக்கிறது. ஆகவே ஒரே அளவு நச்சு, கையில் படும்போது ஒரு விளைவையும், கண்ணில் படும்போது வேறொரு விளைவையும் உண்டாக்கும்.

நுண்ணுயிர் அளவிலும் இதே தத்துவம்தான். 2014இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 17516 என்ற பன்னாட்டுத் தரநூல், பொதுவான ஒப்பனைப் பொருளில் ஒரு கிராமுக்கு 1000 நுண்ணுயிர் வரை அனுமதிக்கிறது. கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றுக்கும் 100 தான் வரம்பு. டப்பா பெரிதா சிறிதா என்று அந்தத் தரநூல் கேட்கவில்லை. எங்கே பூசுவது, யாருக்குப் பூசுவது என்றுதான் கேட்கிறது.

கண்ணில் காரீயம் என்ன செய்யும் என்பதற்கு ஆவணமான ஒரு சான்று உண்டு. 2011இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நைஜீரியக் குடும்பத்துக் கைக்குழந்தை ஒன்றின் ரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பது தெரிய வந்தது. வீட்டில் அதற்குக் காரணமான வண்ணப்பூச்சு எதுவும் இல்லை. முடிவில், குழந்தையின் கண்ணிமையில் தீட்டி வந்த 'திரோ' என்ற மைப்பொடியைச் சோதித்தார்கள். அதில் 82.6 சதவீதம் காரீயம் இருந்தது. ஒரு கிராம் பொடியில் 826 மில்லிகிராம்! நம் விதியின் வரம்பான பத்து லட்சத்தில் 20 பங்கு என்பது ஒரு கிராமுக்கு 0.02 மில்லிகிராம்தான். அதாவது அந்தப் பொடியில் இருந்தது வரம்பைப் போல 41,000 மடங்குக்கு மேல். ஏமாற்றுவதற்காக எவரும் அதில் காரீயத்தைச் சேர்த்திருக்க வேண்டியதில்லை. கலீனா என்ற காரீய சல்பைடுக் கனிமம்தான் பல நாடுகளில் வழிவழியாகக் கண்மையாக அரைக்கப்பட்டு வருவது. நம் நாட்டுச் சுருமாவிலும் அதற்கு இடம் உண்டு.

விளக்குப் புகையில் எடுத்த மை இதிலிருந்து வேறானது. அதன் கருமை கரியால் வருவது. ஆனால் சிமிழைத் திறந்து பார்ப்பவருக்கு இரண்டும் கறுப்புத்தான். நிறமோ மணமோ வேறுபாட்டைக் காட்டாது. எழுதிய பட்டியலும், அதை எழுதியவரின் பொறுப்பும்தான் காட்ட முடியும். அந்தப் பட்டியலைத்தான் நம் விதி வேண்டாம் என்கிறது.

பிற நாடுகளில் எப்படி?

சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை தருவது தவறன்று. அதை எப்படித் தருவது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஒப்பனைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டது. கடந்த மூன்றாண்டுச் சராசரியில் ஆண்டு விற்பனை பத்து லட்சம் டாலருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்குத் தொழிற்கூடப் பதிவு, பொருள் பதிவு, நல்லுற்பத்தி முறை விதிகள் ஆகியவற்றிலிருந்து அச்சட்டம் விலக்களித்தது. ஆனால் கண்ணின் ஈரப்படலத்தில் வழக்கமாகப் படும் பொருளைச் செய்பவருக்கு, அவர் எவ்வளவு சிறியவரானாலும், அந்தச் சலுகை இல்லை. பொருள் பாதுகாப்பானது என்பதற்கான ஆதாரம் வைத்திருக்கும் கடமையிலிருந்தும் எவருக்கும் விலக்கில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதி, 2013 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. அங்கே வீட்டில் செய்பவரானாலும் பெரிய ஆலையானாலும், விற்பனைக்கு முன் தகுதி பெற்ற ஒருவர் எழுதிய பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். சிறிய டப்பாவில் இடமில்லையே என்ற கேள்விக்கும் அந்த விதி விடை வைத்திருக்கிறது. சேர்மானப் பட்டியலை ஒரு துண்டுத்தாளிலோ, நூலில் கட்டிய அட்டையிலோ தரலாம். டப்பாவின்மேல் திறந்த புத்தகத்தைத் தொடும் கை ஒன்றின் படத்தைப் போட்டால், 'விவரம் உள்ளே உண்டு' என்று பொருள். இடமில்லை என்பது எழுதும் இடத்தை மாற்றுவதற்குக் காரணமாகலாம்; எழுதாமலே விடுவதற்குக் காரணமாகாது.

நாம் செய்திருப்பது இதற்கு நேர்மாறானது. உரிமம் பெறும் இடத்தில் சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே சுமை. லேபிளிலோ, பெரிய நிறுவனம் விற்கும் சிறிய டப்பாவுக்கும் முழு விலக்கு. சலுகை தேவைப்படுபவருக்கு அது கிடைக்கவில்லை. தேவைப்படாத இடத்தில் கிடைக்கிறது.

'இயற்கை' என்னும் சொல்

சேர்மானப் பட்டியல் இல்லாத இடத்தை வேறொரு சொல் நிரப்புகிறது: 'முற்றிலும் இயற்கை, ரசாயனம் இல்லை.' இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தச் சொற்றொடரை என்னால் ஏற்க இயலவில்லை. நீரும் ரசாயனமே, மஞ்சளின் நிறமும் ரசாயனமே. கலீனாவும் மண்ணிலிருந்து எடுக்கும் இயற்கைப் பொருளே.

நம் குளியல் பொடியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பல வீட்டுப் பொடிகளில் கார்போக அரிசி சேர்க்கிறார்கள். அந்த விதையில் சோரலென் என்ற பொருள் உண்டு. 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்களை அது உறிஞ்சி, அந்த ஆற்றலால் தோல் செல்லின் மரபுப் பொருளுடன் பிணைந்துகொள்கிறது. வெண்புள்ளிச் சிகிச்சையில் மருத்துவர்கள் இதே இயல்பை, அளவு பார்த்துப் பயன்படுத்துகிறார்கள். அளவு பாராமல் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் சிவந்து கொப்புளிக்கவும், பின்னர்க் கறுக்கவும் கூடும். எலுமிச்சைத் தோலின் சாற்றிலும் இதே குடும்பப் பொருள்கள் உண்டு. பொடியை நன்கு கழுவிவிட்டால் ஆபத்துக் குறைவு. அதையே எண்ணெயிலோ களிம்பிலோ ஊறவைத்துப் பகலில் பூசினால் நிலைமை வேறு. 'பூசியபின் வெயில் படக்கூடாது' என்ற ஒரு வரி லேபிளில் இருந்தால் போதும். ஆனால் இயற்கை என்று எழுதியபின் எச்சரிக்கை எதற்கு என்று எண்ணிவிடுகிறார்கள்.

'நாங்களே பூசிப் பார்த்தோம்'

சிறு உற்பத்தியாளர் பலர் சொல்லும் சோதனை இது: 'எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் முப்பது பேர் பூசிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.' நேர்மையான கூற்றுத்தான். ஆனால் இது எவ்வளவு நிரூபிக்கிறது? சிறு கணக்கு ஒன்று போடுவோம்.

ஒரு களிம்பு பத்துப் பேரில் ஒருவருக்கு அரிப்பை உண்டாக்கும் என்று கொள்வோம். ஒருவர் தப்புவதற்கு வாய்ப்பு 0.9. முப்பது பேரும் தப்புவதற்கு வாய்ப்பு 0.9ஐ முப்பது முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.04. எனவே முப்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், கேடு பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று ஓரளவு நம்பலாம். அவ்வளவே. நூற்றில் ஒருவருக்குக் கேடு செய்யும் களிம்பை எடுத்துக்கொண்டால், முப்பது பேரும் தப்பும் வாய்ப்பு 0.74. அதாவது நான்கில் மூன்று முறை அந்தச் சோதனை கேட்டைக் காட்டாமலே விட்டுவிடும். ஆயிரம் சிமிழ் விற்றபின் பத்துப் பேர் அரிப்போடு வந்து நிற்பார்கள்.

இது உடனே தெரியும் கேட்டுக்குரிய கணக்கு. மெல்லச் சேரும் நஞ்சுக்கு இந்தச் சோதனை கொஞ்சமும் உதவாது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நடந்ததை நினைவு கூர்வோம். கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தாங்கள் கண்ட 22 சவ்வுச் சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் 'நெல்-1' என்ற புரதத்துடன் தொடர்புடைய அரிய வகை நோய் காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்தவர்கள். குற்றவாளியாகக் கருதப்பட்டது பாதரசம். இவர்களில் எவரும் முதல் நாள் பூசியபோது கெடுதல் எதையும் உணர்ந்திருக்க மாட்டார்கள். தோல் வெளுத்தபோது பயன் கிடைத்ததாகவே எண்ணியிருப்பார்கள். பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025க்குள் ஒழிப்பதென 2023இல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. 2018இல் இந்தியாவும் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. முடிவு காகிதத்தில் இருக்கிறது. களிம்பில் என்ன இருக்கிறது என்பதை லேபிளும் ஆய்வுக்கூடமும்தான் சொல்ல வேண்டும்.

விலங்குகளின்மேல் ஒப்பனைப் பொருளைச் சோதிப்பதை 2014இல் இந்தியா தடை செய்தது. நல்ல முடிவு. அதன் விளைவையும் நாம் உணர வேண்டும். இனிப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் சேர்மானங்களை அறிந்து, அவற்றின் அளவை அறிந்து, முன்பே உள்ள அறிவைக்கொண்டு மதிப்பிடுவது. சேர்மானமே மறைந்திருந்தால் மதிப்பீட்டுக்கு வழியேது?

எந்த மொழியில்?

இன்னொரு குறையும் உண்டு. பட்டியலும் எச்சரிக்கையும் இருந்தாலும் அவை வாங்குபவருக்குப் புரிகின்றனவா? பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். பிற மொழி, விரும்பினால் சேர்க்கலாம். தமிழ் கட்டாயம் இல்லை.

ஆனால் ஒப்பனைப் பொருள் விதிகளிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. தலைமுடிச் சாயத்தில், தோலை உறுத்தக்கூடும், முதலில் சிறிதளவு பூசிச் சோதிக்க வேண்டும், புருவத்திலும் இமைமயிரிலும் பூசினால் பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் இருக்க வேண்டும் என்று விதி கூறுகிறது. தலைமுடிச் சாயத்துக்கு உள்ளூர் மொழி வேண்டும் என்று உணர்ந்தவர்கள், கைக்குழந்தையின் கண்மைக்கு அது வேண்டாம் என்று எப்படி எண்ணினார்கள்?

செய்யக்கூடியவை

சிறு உற்பத்தியாளர்மேல் சுமையை ஏற்றினால் அவர் உரிமம் பெறாமலே மறைவாக விற்பார் என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. கன உலோகங்களை அளக்கும் கருவிகள் விலை மிகுந்தவை. ஒவ்வொரு சிமிழுக்கும் சோதனை என்றால் ஐந்து பேர் கொண்ட குழு தாங்காது. ஆனால் பட்டியல் எழுதுவதற்குக் கருவி வேண்டியதில்லை. தாம் என்ன சேர்த்தோம் என்று தெரிந்தால் போதும். தெரியாதென்றால், அவர் அதை விற்கலாகாது. உரிமத்துக்கான தொழில் தகுதியும் எட்டாக்கனியன்று. முழுநேரப் பணியிலுள்ள ஒருவர் வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு மேல்நிலைத் தேர்வு முடித்திருந்தாலும் ஏற்கப்படுவார். நம் கிராமங்களில் அத்தகைய பெண்கள் இல்லாத குழு அரிது.

ஆகவே மூன்று மாற்றங்களைக் கோரலாம். முதலாவது, கண்ணில், உதட்டில், கைக்குழந்தையின் உடலில் படும் பொருள்களுக்கு எடைப்படி தரும் விலக்கை நீக்கி, டப்பாவில் இடமில்லாவிட்டால் துண்டுத்தாளில் பட்டியலும் தொகுதி எண்ணும் தரச் செய்ய வேண்டும். ஒருவருக்குக் கேடு நேர்ந்தால் அதே தொகுதியின் மற்றச் சிமிழ்களைத் திரும்பப் பெற எண் இல்லாமல் முடியாது. இரண்டாவது, எச்சரிக்கைகள் வாங்குபவரின் மொழியில் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒரே செய்முறையையும் ஒரே மூலப்பொருளையும் பயன்படுத்தும் குழுக்கள் ஒரு பொதுச் சோதனை அறிக்கையைப் பகிர்ந்துகொள்ள அரசு வழி செய்ய வேண்டும். செய்த களிம்பைவிட, வாங்கும் சாயத்தையும் கனிமப் பொடியையும் மூட்டைக்கு ஒருமுறை சோதிப்பது செலவும் குறைவு, பயனும் அதிகம். குழுக்களுக்குப் பயிற்சி தரும் துறையே இதையும் ஏற்பது பொருத்தம்.

விதி மாறும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கும்போது 'இதில் என்னென்ன சேர்த்தீர்கள்?' என்று கேளுங்கள். வரிசையாகச் சொல்பவரிடம் வாங்கலாம். 'எல்லாம் இயற்கை' என்று மட்டும் சொல்பவரிடம் மறுபடியும் கேளுங்கள். உரிம எண் இல்லாத கண்மையைக் குழந்தைக்குத் தீட்டாதீர்கள். ஐயம் வந்தால் சட்டத்தின் 26ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது. தாம் வாங்கிய ஒப்பனைப் பொருளை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குத் தந்து அறிக்கை பெற எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. நுகர்வோர் சங்கங்கள் இந்த உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ச் சந்தையின் கண்மைச் சிமிழ்களுக்குப் பயன்படுத்தினால் போதும். எந்தச் சிமிழில் கரி, எந்தச் சிமிழில் காரீயம் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். நேர்மையாகச் செய்யும் பெண்களுக்கு அந்த அறிக்கையைவிடச் சிறந்த விளம்பரமும் வேறில்லை.